தூ ஃபூவும் தாங் பேரரசின் கலகக் காலமும்

சீனாவைத் தாங் அரசமரபு ஆண்ட காலத்தில் (618–907) வரி விதிப்பதற்கும் படைக்கு ஆள் எடுப்பதற்கும் குடும்பப் பதிவேடே அடிப்படையாக இருந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் குடும்பத் தலைவர் யார், உறுப்பினர் எத்தனை பேர், அவரவர் வயது என்ன என்பன எழுதப்பட்டு, அவற்றின் தொகை தலைநகருக்கு அனுப்பப்பட்டது. 755ஆம் ஆண்டில் அப்பதிவேடு காட்டிய மக்கள்தொகை சுமார் 5 கோடியே 29 லட்சம். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 764இல், அதே பதிவேடு காட்டியது 1 கோடியே 69 லட்சம். இவ்விரு கணக்குகளுக்கும் இடையில் நிகழ்ந்தது ஆன் லூஷான் என்னும் எல்லைப்புறத் தளபதி தொடங்கி, அவனுக்குப் பின் வந்தோர் 763 வரை நடத்திய பெருங்கலகம். குறைந்துபோன தொகை முழுவதையும் இறந்தோரின் எண்ணிக்கையாகக் கொள்வதற்கில்லை. ஊரைவிட்டு ஓடியோரும், பண்ணையாரிடம் அடைக்கலம் புகுந்து பதிவேட்டிலிருந்து மறைந்தோரும், அரசின் கை எட்டாத மாகாணங்களில் வாழ்ந்தோரும் அதில் அடங்குவர். ஆயினும் ஒரு குடும்பம் எவ்வாறு பதிவேட்டிலிருந்து மறைந்தது, யாரை முதலில் இழந்தது, எஞ்சியவர் எதைத் தின்று உயிர் பிழைத்தனர் என்பதை அரசு ஆவணங்கள் சொல்வதில்லை. அதைச் சொல்லும் சான்றுகளுள் தலையாயவை அக்கலகத்தின் ஊடே அலைந்து திரிந்த தூ ஃபூ (712–770) என்னும் கவிஞர் எழுதிய கவிதைகள். வாழ்நாளில் உயர்பதவி எதுவும் அடையாத அவருக்குச் சீன இலக்கியத்தில் இன்றுள்ள முதலிடம், அவர் இறந்து இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் வலுப்பெற்றதாகும்.

சீன வழக்கப்படி பெயரின் முதற்சொல் குடிப்பெயர். அவ்வகையில் தூ என்பது குடிப்பெயர், ஃபூ என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். இன்றைய ஹெனான் மாகாணத்தில், கிழக்குத் தலைநகரான லுவோயாங்குக்கு அருகிலுள்ள கோங் மாவட்டத்தில் அவர் பிறந்த அதே ஆண்டில்தான் சுவான்சோங் பேரரசர் அரியணை ஏறினார். தூ குடி கல்வியாலும் அரசுப் பணியாலும் பெயர் பெற்றது. மூன்றாம் நூற்றாண்டில் படைத்தலைவராகவும், தொன்மையான வரலாற்று நூலொன்றின் உரையாசிரியராகவும் விளங்கிய தூ யூவைத் தம் முன்னோராகக் கருதிப் பெருமைப்பட்ட கவிஞர், பேரரசி வூவின் அவையில் இடம்பெற்ற தம் பாட்டனார் தூ ஷென்யானைப் பற்றியும் அதே பெருமிதத்துடன் எழுதினார். கவிதை தங்கள் வீட்டுத் தொழில் என்று மகனுக்கும் சொல்லி வளர்த்தார். தாயைச் சிறுவயதிலேயே இழந்த அவரை வளர்த்த அத்தையைக் குறித்து அவர் எழுதிய கல்லறைக் குறிப்பில் ஒரு செய்தி உண்டு. தூ ஃபூவும் அத்தையின் சொந்த மகனும் ஒரே சமயத்தில் நோயுற்றபோது, வீட்டுத் தூணின் தென்கிழக்குப் பக்கத்தில் கிடக்கும் குழந்தை பிழைக்கும் என்று குறிசொல்பவள் கூற, அந்த அம்மையார் தம் மகனை அவ்விடத்திலிருந்து நகர்த்திவிட்டு அண்ணன் மகனை அங்கே கிடத்தினார். இவர் பிழைத்தார், அம்மகன் இறந்தான். பிறர் இழப்பின்மேல் தம் வாழ்வு நிற்கிறது என்ற உணர்வு பிற்காலக் கவிதைகளில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதற்கு இந்நிகழ்ச்சியை ஒரு தொடக்கமாகக் கொள்ளலாம்.

அக்காலத்தில் நடுவண் ஆட்சியில் உயர்வதற்குரிய மதிப்பு மிக்க வழி, சின்ஷி எனப்பட்ட தேர்வாகும். கவிதையும் உரைநடையும் இயற்றும் திறனைச் சோதித்த அத்தேர்வை ஆண்டுதோறும் பெருந்திரளானோர் எழுதினும், தேறியவர்கள் பெரும்பாலும் முப்பது பேர் அளவிலேயே இருந்தனர். தூ ஃபூ 735இல் எழுதித் தோற்றார். தந்தை பதவியில் இருந்ததால் அத்தோல்வி அவரை உடனே வருத்தவில்லை. கிழக்கிலும் வடகிழக்கிலும் பல ஆண்டுகள் சுற்றினார். 744இல் லுவோயாங்கில், அரண்மனையிலிருந்து விடைகொடுத்து அனுப்பப்பட்டிருந்த லீ பாய் என்னும் பெருங்கவிஞரைச் சந்தித்தார். தம்மைவிடப் பதினொரு வயது மூத்த லீ பாயுடன் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அவர் பயணம் செய்தார். அதற்குப் பிறகு இருவரும் சந்திக்கவில்லை. எனினும் லீ பாயை நினைத்து அவர் எழுதிய கவிதைகள் பத்துக்கும் மேற்பட்டவை எஞ்சியிருக்கின்றன. பிற்காலத்து விமரிசகர்கள் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி யார் பெரியவர் என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டதற்கு, தூ ஃபூ தம் நண்பர்மேல் வைத்திருந்த குறையாத வியப்பே போதுமான மறுமொழியாகும்.

746 அளவில் அவர் மேற்குத் தலைநகரான சாங்கானுக்கு வேலை தேடிச் சென்றார். மறு ஆண்டு, ஏதேனும் ஒரு கலையில் வல்லவர் எவரும் வரலாம் என்று பேரரசர் தனித்தேர்வு ஒன்றை அறிவித்தார். புதியவர்கள் அவைக்கு வந்து தம்மைக் குறைகூறிவிடுவார்களோ என்று அஞ்சிய தலைமை அமைச்சர் லீ லின்ஃபு, எழுதியவர் அனைவரையும் தோற்கடித்துவிட்டு, திறமையுள்ளவர் எவரும் நாட்டில் வெளியே விடுபட்டிருக்கவில்லை என்று பேரரசருக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பினார். அவ்வாறு தோற்கடிக்கப்பட்டவர்களுள் தூ ஃபூவும் ஒருவர். அதன்பின் அவர் கழித்த ஆண்டுகள் பெரிய மனிதர்களின் வாசலில் கவிதையை நீட்டிப் பரிந்துரை கேட்ட ஆண்டுகள். மூலிகை விற்றும், பஞ்ச காலத்தில் அரசுக் களஞ்சியத்தில் மலிவு விலை அரிசிக்கு வரிசையில் நின்றும் அவர் காலம் தள்ளியதைக் கவிதைகளே சொல்கின்றன. 751இல் அரசச் சடங்குகளைப் புகழ்ந்து மூன்று நெடும்பாக்களைச் சமர்ப்பித்தபோது பேரரசரின் கவனம் அவர்மேல் விழுந்தும், வேலை கிடைக்க மேலும் நான்கு ஆண்டுகள் பிடித்தன. 755இல் முதலில் கொடுத்த ஒரு மாவட்டக் காவல் பதவியை, குடிமக்களை அடித்து வரி வாங்கும் வேலை என்பதால் அவர் மறுத்தார். பின்னர் இளவரசர் மாளிகைக் காவற்படையின் ஆயுதக் கிடங்கில் ஒரு சிறு அலுவல் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று.

அந்த ஆண்டுக் குளிர்காலத்தில், ஃபெங்சியன் என்னும் ஊரில் விட்டுவந்த மனைவி மக்களைப் பார்க்க அவர் புறப்பட்டார். வழியில் லீ மலையடிவாரத்து வெந்நீரூற்று மாளிகையில் பேரரசரும் அவருடைய அன்புக்குரிய யாங் குய்ஃபெய்யும் பரிவாரத்துடன் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தனர். வீட்டை அடைந்தபோது அவருடைய கைக்குழந்தை பட்டினியால் இறந்துபோயிருந்தது. இந்தப் பயணத்தைப் பற்றிய ஐந்நூறு எழுத்துக் கவிதை, சீன இலக்கியத்தில் அதுவரை ஒருங்கே வந்திராத மூன்று பொருள்களை ஒரே ஓட்டத்தில் இணைத்தது: தன் வாழ்வின் குறிக்கோள் பற்றிய தன்விசாரணை, அரண்மனை விருந்தையும் சாலையோரப் பிணங்களையும் அருகருகே நிறுத்தும் கண்டனம், வீட்டு வாசலில் கேட்ட அழுகுரல். இவற்றைக் காட்டிலும் கூர்ந்து நோக்கத்தக்கது அதன் முடிவுப் பகுதி. அரசு அலுவலர் குடும்பம் என்பதால் தமக்கு வரியும் இல்லை, படைக் கட்டாயமும் இல்லை. அப்படியிருந்தும் தம் குழந்தை பசியால் செத்தது என்றால், நிலம் இழந்தவனும் எல்லைக்கு அனுப்பப்பட்டவனும் என்ன ஆவார்கள் என்று அவர் கணக்கிடுகிறார். தன் துயரத்தைத் தன் சலுகையோடு வைத்து எடைபோடும் இந்த நேர்மைதான் அவரை வெறும் இரங்கற் கவிஞர்களிடமிருந்து பிரிக்கிறது. இக்கவிதை எழுதப்பட்ட வேளையில் வடகிழக்கே ஃபான்யாங்கில் ஆன் லூஷான் ஏற்கெனவே கிளம்பிவிட்டான். செய்தி மட்டும் தலைநகருக்கு வந்து சேராதிருந்தது.

கலகத்தின் காரணங்களைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். தாங் ஆட்சியின் தொடக்கத்தில் நிலம் பெற்ற உழவர்களே முறைவைத்துப் படைப்பணி செய்தனர். அம்முறை எட்டாம் நூற்றாண்டில் நலிந்து, எல்லைகளில் நிரந்தரக் கூலிப்படைகளும், அவற்றுக்குத் தலைமை தாங்கி வரியையும் கையாளும் அதிகாரம் பெற்ற எல்லை ஆளுநர்களும் தோன்றினர். சோக்டிய, துருக்கிய மரபில் வந்த ஆன் லூஷானிடம் இத்தகைய மூன்று எல்லை மாகாணங்கள் ஒருங்கே ஒப்படைக்கப்பட்டிருக்க, தலைநகரைக் காக்கத் தேர்ந்த படை எதுவும் இருக்கவில்லை. லுவோயாங் சில வாரங்களில் விழுந்தது; 756 கோடையில் சாங்கானுக்குக் கிழக்கிலிருந்த துங் கணவாயும் விழுந்தது. பேரரசர் தென்மேற்கே தப்பியோட, வழியில் காவற்படையினரின் வற்புறுத்தலால் யாங் குய்ஃபெய் கொல்லப்பட்டார். வடமேற்கில், பின்னர் சூசோங் எனப்பட்ட இளவரசர் தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார்.

குடும்பத்தைச் சியாங் என்ற சிற்றூரில் தங்கவைத்துவிட்டு, புதிய பேரரசரிடம் சேரப் புறப்பட்ட தூ ஃபூ வழியில் கலகக்காரரிடம் அகப்பட்டுச் சாங்கானுக்குக் கொண்டுவரப்பட்டார். பதவி மிகச் சிறியதாக இருந்தமையால் அவரைச் சிறையில் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே பகைவர் பிடியிலிருந்த தலைநகரின் தெருக்களில் அவர் நடமாட முடிந்தது. பெரிய மனிதர்கள் எவருக்கும் வாய்க்காத அந்நிலைதான், தெருவோரத்தில் அழுது நின்ற அரசகுலச் சிறுவனையும், சென்தாவோ என்னுமிடத்தில் நாற்பதாயிரம் அரசப் படையினர் மடிந்த பின் நகருக்குள் பாட்டுப் பாடியபடி திரும்பிய எதிரிப் படையையும் அவர் பதிவு செய்ய வழிவகுத்தது. அப்போரில் அரசப் படையை நடத்திய அமைச்சர் ஃபாங் குவான், பழைய நூல்களில் படித்ததை நம்பி மாட்டு வண்டிகளைப் போர்க்களத்தில் நிறுத்தியவர். எதிரிகள் தீயிட்டதும் மாடுகள் மிரண்டு சொந்தப் படையையே மிதித்தன.

757 வசந்தத்தில் தப்பிச் சென்று பேரரசரின் தற்காலிகத் தலைநகரை அடைந்த கவிஞருக்கு, அரசரின் ஆணைகளில் விடுபட்டதைச் சுட்டிக்காட்டும் ஓர் ஆலோசனைப் பதவி கிடைத்தது. எட்டாம் படிநிலையில் இருந்த சிறு பதவியாயினும் அரசர் முன் பேசும் உரிமை அதற்கு உண்டு. அவர் அவ்வுரிமையை மெய்யென்று நம்பினார். பதவி நீக்கப்பட்ட அதே ஃபாங் குவானுக்காகப் பரிந்து பேசிப் பேரரசரின் சினத்துக்கு ஆளாகி விசாரணைக்கு நிறுத்தப்பட்டு, மற்றோர் அமைச்சரின் தலையீட்டால் தப்பினார். நண்பர்மேல் இருந்த பற்று இங்கு அவருடைய அரசியல் மதிப்பீட்டை மறைத்தது என்றே கொள்ள வேண்டும். பல்லாயிரவர் சாவுக்குக் காரணமான ஒரு தளபதிக்காக அவர் தம் எதிர்காலத்தைப் பணயம் வைத்தார். மறு ஆண்டு அவர் தலைநகருக்குக் கிழக்கேயுள்ள ஹுவாசோவுக்கு, கல்வி, சடங்கு முதலியவற்றைக் கவனிக்கும் அலுவலராக அனுப்பப்பட்டார். சாங்கானுக்கு அவர் மீண்டும் திரும்பவே இல்லை.

759ஆம் ஆண்டின் வசந்தம் தூ ஃபூவின் வாழ்வில் திருப்புமுனை. ஒன்பது எல்லை ஆளுநர்களின் படைகள் ஒன்றுகூடி, யே நகரில் ஒடுங்கியிருந்த கலகக்காரரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தன. எந்தத் தளபதிக்கும் அளவுக்கு மீறிய புகழ் சேரலாகாது என்று கருதிய பேரரசர், அவர்களுக்கு மேல் ஒரு தலைமைத் தளபதியை அமர்த்தாமல், ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனை அலுவலர் ஒருவரை மேற்பார்வைக்கு அனுப்பியிருந்தார். புழுதிப் புயலுக்கிடையே நிகழ்ந்த போரில் அப்பெரும்படை சிதறியது. தளபதி குவோ சியீ, ஹெயாங்கில் மஞ்சளாற்றுப் பாலத்தை உடைத்து லுவோயாங்கைக் காக்க முயன்றார். அதற்கு ஆட்கள் தேவைப்பட்டனர். ஆளெடுப்பவர்கள் ஊர் ஊராகப் புகுந்த அந்த நாள்களில்தான், லுவோயாங்கிலிருந்து ஹுவாசோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த தூ ஃபூ சின்ஆன், ஷிஹாவ், துங் கணவாய் ஆகிய ஊர்களைக் கடந்தார். அப்போது பிறந்தவை மூன்று ‘அலுவலர்’ கவிதைகளும் மூன்று ‘பிரிவு’க் கவிதைகளும் ஆகும்.

சின்ஆன் பற்றிய கவிதையின் கருப்பொருளைப் புரிந்துகொள்ளத் தாங் சட்டத்தை அறிதல் வேண்டும். பதிவேட்டில் ஆண்கள் வயதுவாரியாக வகுக்கப்பட்டனர். 744ஆம் ஆண்டுத் திருத்தப்படி 23 வயது நிரம்பியவனே ‘திங்’, அதாவது வரிக்கும் படைக்கும் உரிய முழு ஆண். 18 முதல் 22 வரை உள்ளவன் ‘நடுவயதினன்’. சின்ஆனில் முழு ஆண்கள் தீர்ந்துபோய், நடுவயதினரை எடுக்குமாறு முந்தைய இரவு ஆணை வந்திருந்தது. சிறு மாவட்டமாதலால் ஆளில்லையோ என்று கேட்கும் வழிப்போக்கனாகவும் அதற்கு விடைசொல்லும் அலுவலனாகவும் அமைந்த உரையாடல் வழியாக, சட்டத்தின் ஒரு வகைப்பாடு வீதியில் நிற்கும் குட்டைப் பையன்களாக நம் கண்முன் வருகிறது. ஷிஹாவ் கவிதை இன்னும் கடுமையானது. இரவில் ஆளெடுப்பவன் கதவைத் தட்ட, கிழவன் சுவரேறித் தப்ப, கிழவி வாசலில் நின்று பேசுகிறாள். மூன்று மகன்களும் யே போருக்குப் போய் இருவர் இறந்துவிட்டனர், வீட்டில் பால்குடிக்கும் பேரன் மட்டுமே இருக்கிறான், அவன் தாய்க்கு வெளியே வர முழுத்துணி இல்லை என்று சொல்லி, படைக்குச் சமைக்கத் தன்னையே கொண்டுபோகச் சொல்கிறாள். விடியலில் கவிஞர் கிளம்பும்போது விடைபெறுவதற்கு வீட்டில் கிழவன் மட்டுமே இருக்கிறான். அந்த வீட்டில் இரவு தங்கிய அரசு அலுவலர், தூ ஃபூ, எதுவும் பேசவில்லை. கவிதையிலும் ஒரு சொல் கருத்துரைக்கவில்லை.

இந்த மௌனம் பிற்காலத்தில் நீண்ட விவாதத்துக்கு இடமளித்தது. இருபதாம் நூற்றாண்டின் எழுத்தாளர் குவோ மோருவோ 1971இல் வெளியிட்ட நூலில், தூ ஃபூ ஆளும் வர்க்கத்தின் பக்கம் நின்றவர் என்றும், ஆளெடுப்பைத் தடுக்க எதுவும் செய்யாதவர் என்றும் சாடினார். சின்ஆன் கவிதையின் பிற்பாதியில் கவிஞர் பையன்களின் உறவினரைத் தேற்றி, தளபதி தந்தையைப் போல் பார்த்துக்கொள்வார் என்று சொல்வது உண்மைதான். கலகக்காரர் வென்றால் நாடு என்னவாகும் என்பதைச் சாங்கானில் கண்ணால் கண்டவர் அவர். ஆகவே போர் வேண்டும் என்றும், அதற்கு அரசு கேட்கும் விலை கொடியது என்றும் ஒரே சமயத்தில் அறிந்திருந்தார். இவ்விரண்டில் ஒன்றை மறைத்திருந்தால் கவிதை எளிதாகியிருக்கும். இரண்டையும் மறைக்காமல் வைத்ததனாலேயே அது வரலாற்றுச் சான்றாக நிற்கிறது. குவோ மோருவோவின் குற்றச்சாட்டு, கவிதை தானே திறந்துகாட்டிய முரணைக் கவிஞரின் குற்றமாக எழுதிக்காட்டுவதாகும்.

759ஆம் ஆண்டிலேயே தூ ஃபூ வேலையை விட்டார். பஞ்சமும் மனக்கசப்பும் காரணமாகக் குடும்பத்துடன் மேற்கே சின்சோவுக்கும், அங்கிருந்து மலைப்பாதைகள் வழியே தெற்கே சிச்சுவான் சமவெளிக்கும் நடந்து, ஆண்டு முடிவில் செங்டு நகரை அடைந்தார். நகரின் மேற்கே ஹுவான்ஹுவா ஓடையின் கரையில் 760இல் கட்டிய கூரைவீடு அவர் வாழ்வின் அமைதியான பகுதிக்கு இடமானது. வீடு கட்ட உறவினர் ஒருவர் பணம் தந்தார். தோட்டத்துக்கு வேண்டியவற்றை அவர் தெரிந்தவர்களிடம் நாலடிக் கவிதைகளாலேயே கேட்டு வாங்கினார். ஒருவரிடம் நூறு பீச் கன்றுகள், வேறொருவரிடம் மூங்கில், இன்னொருவரிடம் பைன் நாற்றுகள், தாயி என்ற ஊரில் சுட்ட வெண்ணிறக் கிண்ணங்கள் என அக்கவிதைகள் ஒரு குடித்தனம் உருவாவதை வரிசையாகக் காட்டுகின்றன. கடிதமும் கோரிக்கையும் கவிதையாகலாம் என்ற எண்ணம் அவர் காலத்து உயர்குடிக் கவிதைக்குப் புதியது. 761 இலையுதிர் காலத்தில் புயல் அக்கூரையைப் பிய்த்தெறிந்ததும், இரவெல்லாம் ஒழுகிய வீட்டில் இருந்துகொண்டு, வறிய கற்றோர் அனைவருக்கும் இடமளிக்கும் பெருமாளிகைகளை அவர் கனவு கண்டதும் சீனப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த கவிதையாக நிலைத்தன. செங்டுவின் ஆளுநராக இருந்த யான் வூ என்னும் நண்பர் 764இல் அவருக்குப் பொதுப்பணி அமைச்சகத்தின் கௌரவப் பதவியொன்றைப் பெற்றுத் தந்தார். அதனாலேயே அவர் பிற்காலத்தில் ‘தூ கோங்பூ’, அதாவது பொதுப்பணித் துறைத் தூ, என்று அழைக்கப்பட்டார். 765இல் யான் வூ இறந்ததும் அந்த ஆதரவு அற்றது. குடும்பம் படகேறியது.

யாங்சி ஆற்றின் வழியே கிழக்கு நோக்கிச் சென்ற அவர்கள் 766இல், மூன்று பள்ளத்தாக்குகளின் நுழைவாயிலில் அமைந்த குய்சோவை அடைந்தனர். இரண்டு ஆண்டுக்கும் குறைந்த அவ்வாழ்வில் அவர் நானூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகளை எழுதினார்; எஞ்சியிருக்கும் மொத்தக் கவிதைகளில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. உள்ளூர் அதிகாரியின் உதவியால் நாற்பது மூ, ஏறத்தாழ ஐந்து ஏக்கர், ஆரஞ்சுத் தோப்பும் நெல்வயல் மேற்பார்வையும் கிடைத்திருந்தன. உடலோ நைந்துபோயிருந்தது: ஈளை, மலேரியா, நீரிழிவைக் குறிப்பதாகக் கருதப்படும் தாகநோய், ஒரு காதில் செவிடு. மலையிலிருந்து மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் வருவது, குழாய் விட்டுப்போனால் அதைச் சரிசெய்ய வேலையாள் மலையேறுவது, வாதநோய்க்கு மருந்தாகக் கருங்கோழி வளர்ப்பது, அவை சாப்பாட்டு மேசைமேல் ஏறாதிருக்க மகனைக் கூண்டு கட்டச் சொல்வது ஆகியவை எல்லாம் இக்காலக் கவிதைகளின் பொருளாயின. குய்சோவின் விறகுக்காரப் பெண்களைப் பற்றிய கவிதையில், நரைத்த தலையுடன் நாற்பது, ஐம்பது வயதாகியும் மணமாகாத பெண்கள் மலையில் விறகு வெட்டிச் சந்தையில் விற்றும், உப்புக் கிணறுகளில் உழைத்தும் வீட்டைக் காப்பாற்றுகின்றனர். ஆண்கள் போர்களில் தீர்ந்ததே காரணம் என்று அவர் எழுதினார். முன்னர்க் கூறிய பதிவேட்டு எண்ணிக்கையின் மறுபக்கம் இது.

இங்கு எழுதிய மற்றொரு சிறு கவிதை தனியே சொல்லத்தக்கது. தூ ஃபூ குடியிருந்த வீட்டின் முற்றத்தில் இலந்தை மரங்கள் இருந்தன. மேற்குப் பக்கத்து வீட்டில் இருந்த, பிள்ளையும் உணவும் அற்ற விதவை ஒருத்தி பழங்களை அடித்து எடுத்துச் செல்வதை அவர் கண்டும் காணாமல் விட்டிருந்தார். வேறிடம் மாறியபோது வீட்டை உறவினரான இளைஞர் வூவிடம் விட்டுச்செல்ல, அவர் வந்ததும் வேலி போட்டார். உடனே தூ ஃபூ அவருக்கு எட்டடிக் கவிதை ஒன்றை அனுப்பினார். கிழவியின் அச்சத்தையும் அவள் மானத்தையும் எடுத்துச்சொல்லி, வூ வேண்டுமென்றே செய்திருக்கமாட்டார் என்று அவர் முகத்தையும் காப்பாற்றி, வரிக்கொடுமையால் அவள் எலும்பும் தோலுமாக ஆன கதையைக் கூறி, கடைசியடியில் நாடு முழுவதையும் அழிக்கும் போரை நினைத்து அழும் கவிதை அது. ஒரு வேலிச் சண்டையிலிருந்து பேரரசின் அவலம் வரை செல்லும் இந்த நடை எட்டே அடிகளில் முடிந்துவிடுகிறது.

அந்த எட்டடி வடிவத்தைச் சீனர் ‘லூஷி’, அதாவது விதிக்குட்பட்ட பா, என்பர். ஓரடிக்கு ஐந்து அல்லது ஏழு எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசை. சீன மொழியில் சொற்கள் ஒலிப்பின் ஏற்ற இறக்கத்தால் வேறுபடுவதால், சமநிலை ஒலியும் சாய்ந்த ஒலியும் குறித்த ஒழுங்கில் மாறிமாறி வர வேண்டும். இரட்டைப்படை அடிகளின் ஈறுகள் ஒரே இயைபு கொள்ள வேண்டும். நடுவிலுள்ள இரு இணையடிகளில் சொல்லுக்குச் சொல் எதிர்நிலை அமைய வேண்டும்: மலைக்கு ஆறு, எண்ணுக்கு எண், வினைக்கு வினை. இதனுடன் ஒப்பிட, அடியளவும் ஒலி ஒழுங்கும் தளர்ந்த ‘பழம்பா’ என்னும் வடிவமும் இருந்தது. 759இன் ஆறு கவிதைகளும் அவ்வகையின. விதிக்குட்பட்ட பா தூ ஃபூவுக்கு முன் பெரும்பாலும் அரண்மனைப் பாராட்டுக்கும் வழியனுப்புதலுக்கும் பயன்பட்டது. அவர் அதில் அரசியலையும் முதுமையையும் வீட்டுக் கணக்கையும் நிரப்பினார். குய்சோவில் எழுதிய ‘இலையுதிர் கால நினைவுகள்’ என்னும் எட்டுக் கவிதைகளின் தொடரில், ஆற்றங்கரையில் நிற்கும் நோயாளியின் நினைவில் சாங்கான் அடுக்கடுக்காக எழுந்து மறைகிறது. சீனக் கவிதை இலக்கணத்தின் உச்சமாக இத்தொடரைக் கருதுவோர் பலர். அது மிகை என்று சொல்வதற்கில்லை.

768இல் அவர் தோப்பை விட்டுவிட்டு மீண்டும் படகேறினார். வடக்கே செல்லும் பாதைகள் போரால் அடைபட்டிருக்க, குடும்பம் இன்றைய ஹுபெய், ஹுனான் மாகாணங்களின் ஆறுகளில் அலைந்தது. 770இல் தான்சோ நகரில், சுவான்சோங்கின் அவையில் புகழின் உச்சியிலிருந்து இப்போது தெற்கே வயிற்றுப் பிழைப்புக்குப் பாடிய லீ குய்நியான் என்னும் இசைவாணரைக் கண்டு நாலடிக் கவிதை ஒன்று எழுதினார். அந்நகரிலும் படைக்கலகம் வெடிக்கவே தெற்கு நோக்கித் தப்பி, லெய்யாங் அருகே வெள்ளத்தால் பல நாள் உணவின்றிச் சிக்கினார். அவ்வூர் அதிகாரி அனுப்பிய மாட்டிறைச்சியையும் மதுவையும் மிகுதியாக உண்டு ஓரிரவில் இறந்தார் என்று பழைய தாங் வரலாறு கூறுகிறது. அதற்குப் பின்னும் அவர் எழுதிய கவிதைகள் உள்ளன என்பதால் ஆய்வாளர் பலர் இதை ஏற்பதில்லை. அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் ஆற்றிலேயே அவர் காலமானார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுசெல்லப் பொருளில்லாமல் மகன் சோங்வூவும் இறந்துபோக, பேரன் தூ சியே 813இல், நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, எச்சங்களை லுவோயாங்குக்கு அருகே முன்னோர் கல்லறைக்குக் கொண்டுசேர்த்தார். அதற்கான கல்லறை வாசகத்தை எழுதியவர் அக்காலத்தின் பெருங்கவிஞருள் ஒருவரான யுவான் சென். தூ ஃபூவுக்கு நிகரானவர் கவிஞருள் எவருமில்லை என்று முதன்முதலாக உறுதிபடச் சொன்ன ஆவணங்களுள் அது ஒன்று.

அவர் வாழ்ந்த காலத்தில் நிலைமை வேறு. 753இல் தொகுக்கப்பட்ட பெயர்பெற்ற தொகைநூல் ஒன்றில் அவருக்கு இடமில்லை. இன்று எஞ்சியுள்ள தாங் காலத் தொகைநூல்களில் அவர் கவிதைகள் இடம்பெறுவது 900ஆம் ஆண்டில் வெய் சுவாங் தொகுத்த ஒன்றில் மட்டுமே. அறுபது சுருள்களாக இருந்த அவருடைய முழுத்தொகுப்பு கலகங்களில் சிதறி அழிந்தது. சோங் அரசமரபுக் காலத்தில் வாங் சூ என்னும் அறிஞர் அரசு நூலகத்துப் படிகளையும் தனியார் படிகளையும் ஒப்பிட்டு 1039இல் 1405 கவிதைகளை ஒன்றுசேர்த்தார். 1059இல் வாங் ச்சி அதைச் சூசோ நகரில் மரக்கட்டை அச்சில் வெளியிட்டார். அச்சுத் தொழிலின் வளர்ச்சி இல்லாதிருந்தால் தூ ஃபூவின் பெரும்பகுதி இன்று நம் கைக்கு வந்திராது. 1084இல் லூ தாஃபாங் அவருடைய வாழ்வை ஆண்டுவரிசையாக அமைத்தார். கவிதைகளைக் காலமுறையில் படிக்கும் பழக்கம் இதனால் வேரூன்றியது. தலைப்புகளிலேயே இடம், பருவம், ஆள் ஆகியவற்றைக் குறிக்கும் வழக்கம் கவிஞருக்கு இருந்ததால் அது கைகூடியது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே வழங்கிய ‘கவிதை வரலாறு’ என்ற பெயரைச் சோங் அறிஞர்கள் அவருக்கு நிலைநாட்டினர். ஆனால் அவர்களே அரசப்பற்றின் உருவமாக அவரைச் சித்திரித்து, கோழிக் கூண்டையும் இலந்தைப் பழத்தையும் பாடிய மனிதரைச் சற்றே மறைத்தும் விட்டனர்.

மங்கோலியர் சோங் அரசை வீழ்த்தியபோது சிறைப்பட்ட அமைச்சர் வென் தியான்சியாங், இன்றைய பெய்ஜிங்கில் இருந்த சிறையில், தூ ஃபூவின் அடிகளை மட்டுமே கொண்டு, அவற்றை இடம்மாற்றி அடுக்கி, இருநூறு நாலடிக் கவிதைகளாகத் தம் நாட்டின் வீழ்ச்சியை எழுதினார். கொரியாவில் 1481இல், புதிதாக உருவாக்கப்பட்ட ஹாங்குல் எழுத்தில், அவருடைய கவிதைகள் முழுமையாக மொழிபெயர்க்கப்பட்டன. ஜப்பானியக் கவிஞர் பாஷோ தம் பயணநூலில் அவர் கவிதையை நினைவுகூர்ந்தார்.

தூ ஃபூவைப் புதிதாகப் படிக்கத் தொடங்குவோர் புகழ்பெற்ற நாலடிக் கவிதைகளிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 759இன் ஆறு கவிதைகளை முதலில், அவை எழுதப்பட்ட வரிசையிலும், கலகத்தின் நிகழ்ச்சிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் படித்துவிட்டு, பின்னர் குய்சோ கவிதைகளுக்குச் செல்வது நன்று.